தாண்டுவதற்கு எந்த ஜாதிக் குதிரை?

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. கோவையில் ஒரு ரைடிங் கிளப்பில் மூன்று வருடமாகக் குதிரையேற்றம் கற்கிறாள். இப்போது 80 சென்டிமீட்டர் தடைகளைத் தாண்டுகிறாள். கிளப் குதிரை போதவில்லை, சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறாள். ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்குப் போயிருந்தோம். அங்கே ராஜஸ்தானின் மார்வாரி இனத்து ஆண் குதிரை ஒன்றைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதன் நினைப்பாகவே இருக்கிறது. பாப்பாவின் கோச், ரேஸ் விட்ட தரோபிரெட், அதாவது பந்தயத்துக்கென்றே வளர்த்த இனத்துக் குதிரை, வாங்கச் சொல்கிறார். ஜெர்மனியில் இருக்கும் மச்சான், தாண்டுவதற்கென்றே வளர்த்த வார்ம்பிளட்டை இறக்கிவிடலாம் என்கிறார். எந்த இனம் சிறந்தது? பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் இருக்கிறது. குதிரையை அங்கேயே வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்:

உங்கள் கடிதத்தில் மூன்று இனங்களின் பெயர் இருக்கிறது. என் கண் போய் நின்றது 80 சென்டிமீட்டர் என்ற எண்ணில். வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிட இரண்டு மூன்று விரற்கடை கூடுதல், அவ்வளவுதான். கால் நன்றாக இருந்து, ஓரளவு பயிற்சியும் பெற்ற குதிரை எந்த ஜாதியானாலும் இதைத் தாண்டும். சோம்பேறிக் குதிரைகூடக் காலைக் கொஞ்சம் தூக்கிப் போட்டுக் கடந்துவிடும். ஒலிம்பிக்கில் வைக்கும் தடை சுமார் 1.60 மீட்டர் உயரம். அகலத் தடைகள் 2 மீட்டர் அளவுக்குப் போகும். அந்த உலகத்தில் இனம் என்பது மிகப் பெரிய கேள்வி. பாப்பா விடாமல் ஓட்டினால் நான்கைந்து வருடத்தில் 1.10, நன்றாக வந்தால் 1.20 தாண்டுவாள். 1.10 வரைக்கும் நான் குதிரையின் குணத்தையும் கால்களையும்தான் பார்ப்பேன். இனம் அதற்கு அப்புறம்.

இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி உங்களுடையதுதான். ‘நல்லாத் தாண்டுற ஜாதி எதுங்க?’ கேட்பதில் தப்பில்லை. மாடு வாங்கினால் காங்கேயமா, சிந்தியா, ஜெர்சியா என்று கேட்டுத்தானே வாங்குகிறோம். ஆனால் தாண்டும் குதிரைகளின் சரித்திரத்தைப் பார்த்தால் தலை கொஞ்சம் சுற்றும்.

உயரத் தாண்டுதலில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை 2.47 மீட்டர். 1949 பிப்ரவரி 5ஆம் தேதி, சிலி நாட்டின் வினா டெல் மார் ஊரில், ராணுவ அதிகாரி ஆல்பர்டோ லரகுய்பெல் உவாசோ என்ற குதிரையில் தாண்டினார். உவாசோ ஒரு தரோபிரெட். ரேஸில் உருப்படவில்லை, வேறு வேலைகளுக்கும் சரிப்படவில்லை. சாதனை செய்தபோது அதற்குப் பதினைந்து வயதுக்கு மேல். அமெரிக்காவில் 1956இல், அடிமாடாகப் போகும் குதிரைகளை ஏற்றிய லாரியிலிருந்து ஹாரி டி லேயர் என்ற பயிற்சியாளர் ஒரு வெள்ளைக் குதிரையை 80 டாலருக்கு வாங்கினார். ஏர் உழுத குதிரை. பெயர் ஸ்னோமேன். பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றார். அது ஒவ்வொரு வேலியாகத் தாண்டித் திரும்பி வந்து நின்றது. இரண்டு வருடம் கழித்து, 1958இல், நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் அதுதான் சாம்பியன். அடுத்த வருடமும் அதே. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மரியன் கோக்ஸ் வெள்ளி வாங்கியது ஸ்ட்ரோலர் என்ற மட்டக் குதிரையில். அதன் உயரம் 148 சென்டிமீட்டருக்குள்தான். 1988 சியோலில் தங்கம் வாங்கிய பிரெஞ்சுக் குதிரை ஜாப்லூவும் சின்ன உருவம். அப்பன் வண்டி இழுக்கும் டிராட்டர் இனம், தாய் தரோபிரெட்.

இவை எல்லாம் அபூர்வப் பிறவிகள், மறுக்கவில்லை. ஸ்னோமேன் கதையைக் கேட்டுவிட்டு லாரி லாரியாக வாங்கினால் எல்லாமே ஏர் உழுத குதிரையாகத்தான் இருக்கும். அண்மைக் காலப் பட்டியலைப் பார்த்தால் உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி. 2016 ரியோவில் நிக் ஸ்கெல்டனின் பிக் ஸ்டார், டோக்கியோவில் பென் மாஹரின் எக்ஸ்ப்ளோஷன், இரண்டும் டச்சு வார்ம்பிளட். 2024 பாரிஸில் கிறிஸ்டியன் குகுக்கின் செக்கர், ஜெர்மனியின் வெஸ்ட்ஃபேலியன். தனிநபர் தங்கம் தொடர்ந்து வார்ம்பிளட்டுக்கே போகிறது.

வார்ம்பிளட் என்றால் ரத்தம் சூடு என்று அர்த்தம் இல்லை. தரோபிரெட், அரபி போன்ற துடிப்பான ஓட்டக் குதிரைகள் ஒரு பக்கம், வண்டியும் ஏரும் இழுத்த கனத்த குதிரைகள் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் வந்தது இது. வடக்கு ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் விவசாயிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் டிராக்டர் வந்துவிட்டது, அவர்களுடைய வண்டிக் குதிரைகளுக்கு வேலை போயிற்று. 1960களில் இங்கிலாந்திலிருந்து லேடிகில்லர் என்ற தரோபிரெட் பொலிகுதிரையையும், 1970களில் பிரான்ஸிலிருந்து கோர் தெ லா பிரியேர் என்ற குதிரையையும் கொண்டுவந்து தங்கள் பெட்டைகளோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டிகளில் தாண்டுபவற்றை வைத்துக்கொண்டார்கள், மற்றவற்றை இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்கினார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பரீட்சை வைத்து இப்படியே செய்ததில் வந்ததுதான் இன்றைய ஹோல்ஸ்டைனர். ஆக அந்தப் பெயர் தூய ரத்தத்துக்குக் கொடுக்கும் சான்றிதழ் இல்லை. அறுபது வருடமாகச் சலித்துச் சலித்து எடுத்த விதைநெல் மாதிரி.

அப்படியானால் இறக்கிவிடலாமே என்பீர்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு, 80 சென்டிமீட்டருக்கு, நான் வேண்டாம் என்பேன். விமானம், தனிமைக்காலம், ரத்தப் பரிசோதனைகள், உரிமம் என்று குதிரையின் விலைக்கு மேல் போகும். பணம் பொருட்டில்லை என்றே வைத்துக்கொள்வோம். நல்ல வார்ம்பிளட் 550, 600 கிலோ எடை. பெரிய பாய்ச்சல். தடைக்கு மேல் அது முதுகை வளைத்து எழும்பும்போது சின்ன உடம்பைச் சேணத்திலிருந்து அப்படியே தூக்கிவிடும். வலுவான கையும் இடுப்பும் உள்ள ஆளுக்குச் செய்த குதிரை அது. அப்புறம் நம் வெயில். குளிர் நாட்டில் வளர்ந்த கனத்த குதிரை சித்திரை, வைகாசியில் மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சில குதிரைகளுக்கு வெக்கையில் வியர்ப்பதே நின்றுவிடும். வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ரேஸ் குதிரைகளிடம் கண்ட பழைய நோய் இது. தோல் உலர்ந்து கிடக்கும், மூக்குத் துவாரம் அகல விரிந்து அடிக்கும், உடம்பு கொதிக்கும். வேலை வாங்கினால் விழுந்துவிடும்.

நம் நாட்டின் பெரிய குதிரையேற்ற வீரர்களே தங்கள் வார்ம்பிளட்டை இங்கே வைத்துக்கொள்வதில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஃபவாத் மிர்சா வெள்ளி வென்ற குதிரையும், 2023 ஹாங்சோவில் டிரஸ்ஸாஜ் என்ற ஒழுங்கு நடைப் போட்டியில் நம் அணி தங்கம் வென்ற குதிரைகளும் ஐரோப்பாவில் நின்றவை. ஓட்டுபவர்கள்தான் அங்கே போய்ப் பயிற்சி எடுத்தார்கள். பாப்பாவுக்கு இருபது வயதாகும்போது இந்தப் பேச்சை மறுபடி எடுக்கலாம்.

இனி உங்கள் மார்வாரி. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, சந்தைக் கூட்டத்துக்கு நடுவே காலை எடுத்துப் போட்டு ஆடிக்கொண்டு நின்றிருக்கும். நானும் அந்தியூருக்குப் போகிறவன்தான். குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவில் மார்வாரியையும் குஜராத்தின் கத்தியவாரையும் பார்க்காவிட்டால் எனக்கு ஆடி முடிந்த மாதிரியே இருக்காது. பாலைவனத்தில் போர்வீரனைச் சுமந்த இனம். வெயில் தாங்கும், குளம்பு இரும்பு, குறைந்த தீனியில் உடம்பு வைக்கும். நெடுந்தூர ஓட்டத்துக்கு அருமையான குதிரை.

தாண்டுவதில்தான் இரண்டு சிக்கல். குதிரை தடைக்கு வருவது கேன்டர் என்ற மிதமான பாய்ச்சல் நடையில். அதற்கு மூன்று அடி. தகிட, தகிட, தகிட என்று மண்ணில் கேட்கும். ஒவ்வொரு தகிடவுக்கும் பின்னால் நான்கு காலும் காற்றில் நிற்கும் ஒரு சின்ன இடைவெளி. தாண்டுதல் என்பது அந்த இடைவெளியை இழுத்துப் பெரிதாக்கிய ஒரு கேன்டர் பாய்ச்சல், வேறு மந்திரம் ஒன்றும் கிடையாது. மார்வாரிக்குப் பிறவியிலேயே ரேவால் என்ற இன்னொரு நடை உண்டு. மேலே இருப்பவர் கையில் தண்ணீர்க் குவளை வைத்திருந்தால்கூடத் தளும்பாத சொகுசு நடை. அது தகதிமி, நான்கு அடி. வழுக்கிக்கொண்டு போகும், காற்றில் நிற்காது. கொஞ்சம் பதற்றமானால் தடைக்கு முன்னால் தகிட உடைந்து தகதிமியாகிவிடும், எழும்புவதற்கு அடி கிடைக்காது. எல்லா மார்வாரியும் இப்படி இல்லை. ஆனால் சந்தையில் விலை போவது அந்த நடைக்கும் ஆட்டத்துக்கும்தான். உங்கள் கண்ணைப் பறித்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, பாய்ச்சலின் நீளம். போட்டியில் தடைகளுக்கு நடுவே விடும் தூரம் சுமார் மூன்றரை மீட்டர் பாய்ச்சலைக் கணக்கில் வைத்து அளந்தது. அடுத்தடுத்து இரண்டு தடை வைத்து நடுவே ஒரே பாய்ச்சல் என்றால் கிட்டத்தட்ட ஏழே கால் மீட்டர் இடைவெளி இருக்கும். நான் ஓட்டிய மார்வாரிகளுக்குப் பாய்ச்சல் குட்டை. அந்த இடைவெளியில் அது ஒன்றரைப் பாய்ச்சலில் மாட்டிக்கொள்ளும். ஒன்று எட்ட நின்று பறக்கும், அல்லது இன்னொரு குட்டிப் பாய்ச்சலைச் செருகித் தடையின் அடிவாரத்திலிருந்து எழும்பும். எப்படியானாலும் ஓட்டுபவர் கையில் கட்டுப்பாடு இருக்காது.

இன்னொன்று. நீங்கள் பார்த்தது காயடிக்காத ஆண் குதிரை. பெட்டைகள் நிற்கும் கிளப்பில், போட்டி மைதானத்தில், பதினான்கு வயதுப் பிள்ளை கையில் அதைக் கொடுக்கவே கூடாது. குதிரை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி, வேண்டாம்.

மிச்சம் இருப்பது கோச் சொன்ன தரோபிரெட். அவர் பக்கம்தான் நானும். ஆனால் ‘ரேஸ் விட்ட’ என்ற வார்த்தைக்குப் பின்னால் எத்தனை வருடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் தரோபிரெட்? நம் நாட்டில் முறையாக, பிறப்புப் பதிவோடு, நிறையக் குட்டி பிறப்பது ரேஸ் தொழிலுக்காகத்தான். ரேஸில் தோற்றதும் வயதானதும் ரைடிங் பள்ளிகளுக்கு வருகின்றன. நம் கிளப்களில் பிள்ளைகள் ஏறுவதில் பெரும்பாலானவை அவையே. நம் வெயிலில் பிறந்து வளர்ந்தவை, நீளமான பாய்ச்சல், 450, 500 கிலோவில் அளவான உடம்பு. மேல்மட்டத்திலும் இவை சும்மா இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் ஜோ ஃபார்கிஸ் இரண்டு தங்கம் வாங்கிய டச் ஆஃப் கிளாஸ், ரேஸில் தோற்ற ஒரு தரோபிரெட் பெட்டை.

ஆனால் ரேஸ் மைதானத்திலிருந்து நேற்று வந்த குதிரைக்கு நம் பாஷை தெரியாது. கடிவாளத்தை இழுத்தால் நிற்க வேண்டும் என்று பாப்பா கற்றிருக்கிறாள். ரேஸ் குதிரைக்கு இழுப்பு என்றால் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போ என்று அர்த்தம். ஜாக்கி அப்படித்தான் பிடித்திருப்பார். காலால் விலாவை அணைத்துச் சொல்லும் சைகை அதற்குப் புதிது. ஏறும்போது அசையாமல் நிற்கவும் தெரியாது. நடக்க நடக்கத்தான் ஜாக்கியை மேலே தூக்கிப் போடுவார்கள். இதையெல்லாம் மறக்கடித்து வேறு சொல்லிக்கொடுக்க ஒன்றிரண்டு வருடம் ஆகும். அந்த வேலை கோச்சுடையது, பாப்பாவுடையது இல்லை.

இதை நான் ஒரு முறை மறந்தேன். பல வருடத்துக்கு முன்னால், என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்காக ஐந்து வயதுச் செவலை ஒன்றை வாங்கிக்கொடுத்தேன். ஆள் ஏறாமல் சும்மா ஓடவிட்டால் 1.30 மீட்டரை ஒரு சாண் காற்று விட்டுத் தாண்டும். வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஆறாவது வாரம், சாதாரணமான ஒரு 90 சென்டிமீட்டர் தடை. அந்தப் பெண் தூரத்தைத் தப்பாகக் கணித்துக் கடைசி நொடியில் கடிவாளத்தைப் பிடித்தாள். குதிரை இழுப்பை வேகம் என்று எடுத்துக்கொண்டு முழு நீளத்துக்கு எட்ட இருந்தே பறந்தது. அவள் பின்னால் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது இரண்டு மாதத்தில் சரியானது. மனசு சரியாக எட்டு மாதம். அதற்கப்புறம் எந்தக் குதிரையையும் எவ்வளவு உயரம் தாண்டுகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். தூரம் தப்பாகப் போனால் என்ன செய்கிறது என்று பார்க்கிறேன்.

ஆக, நீங்கள் தேட வேண்டியது இது. ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயது. ரேஸ் விட்டுக் குறைந்தது மூன்று வருடம். காயடித்த ஆண் குதிரை, அல்லது சாந்தமான பெட்டை. 155இலிருந்து 163 சென்டிமீட்டர் வரை உயரம். முக்கியமாக, பாப்பா இப்போது தாண்டுவதைவிட இருபது முப்பது சென்டிமீட்டர் கூடுதல் உயரத்தில், வேறு பிள்ளைகளைச் சுமந்து போட்டிக்குப் போன அனுபவம். கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கற்று முடித்த குதிரை. இரண்டு பேரும் புதிது என்றால் ஒருவர் பயத்தை ஒருவர் வளர்ப்பார்கள். இந்த வருணனைக்கு ஒத்துப்போகும் குதிரை கலப்பினமாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பார்க்கப் போகும்போது சொல்லாமல் சீக்கிரமாகப் போங்கள். குதிரை ஏற்கெனவே வியர்த்து நின்றால், உங்களுக்குக் காட்டுவதற்காக அதன் துடுக்கை ஓட்டியே தீர்த்திருக்கிறார்கள் என்று பொருள். லாயத்துக்குள் ஆள் நுழையும்போது காதைப் பின்னால் படுக்க வைக்கிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, மூக்கை நீட்டி வருகிறதா என்று கவனியுங்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பல்லிலிருந்து குளம்பு வரை பார்க்கலாம்.

கால்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, எலும்புக்குப் பின்பக்கமாக ஓடும் தசைநாணை, எங்கள் ஆட்கள் நரம்பு என்பார்கள், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மேலிருந்து கீழே மெதுவாக இறக்குங்கள். இறுக்கிக் கட்டிய கயிறு மாதிரி ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் வில்லாக வெளியே தள்ளியிருந்தால், கயிறு பிரிந்த மாதிரி மெத்தென்று இருந்தால், அங்கே மட்டும் சூடு தெரிந்தால், ஓட்டத்தில் அது ஒரு முறை கிழிந்திருக்கிறது. மற்றக் காலையும் தொட்டு ஒப்பிடுங்கள். தடையைத் தாண்டி இறங்கும்போது ஒரு நொடி முழுக் குதிரையும் மேலே இருக்கும் பிள்ளையும் ஒற்றை முன்னங்காலில் நிற்கிறார்கள். பழைய காயம் ஆறியிருந்தால் 80 சென்டிமீட்டருக்குத் தாங்கலாம், 1.10க்கு நான் நம்ப மாட்டேன்.

அப்புறம் விற்பவரின் ஆள் முதலில் ஏறட்டும். அவர் ஏற மறுத்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கேன்டரில் கண்ணை மூடிக்கொண்டு தகிடவைக் கேளுங்கள். இரண்டு பக்கம் திரும்பினாலும் அதே தாளம் கேட்க வேண்டும். பிறகு பாப்பாவை ஏற்றி, அறுபது சென்டிமீட்டருக்கு ஒரே ஒரு தடை. கோச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை வேண்டுமென்றே கொஞ்சம் கிட்டத்தில் வரச் சொல்லுங்கள். நல்ல குதிரை ஒரு குட்டி அடியைச் செருகி, காதை முன்னால் நீட்டி, ‘சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிற மாதிரி தாண்டும். தாண்டி இறங்கியதும் தலையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடிக்காது. அந்தக் குதிரையின் அப்பன் பெயர் எனக்குத் தேவையில்லை.

மனசுக்குப் பிடித்துவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி போங்கள். அதற்குள் குதிரை பார்த்துப் பழகிய, விற்பவருக்கு வேண்டியவர் அல்லாத கால்நடை மருத்துவர் ஒருவரைப் பிடியுங்கள். முன்னங்கால் குளம்பு, பின்னங்கால் மூட்டு, முதுகு மூன்றுக்கும் எக்ஸ்ரே. கிளாண்டர்ஸ் என்ற தொற்று நோய்க்கு ரத்தப் பரிசோதனை. விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சுழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். நெற்றியில் இருக்கும் சுழியையும் கழுத்துச் சுழியையும் வைத்து விலை ஏறும், இறங்கும். நான் யாரோடும் வாதாடுவதில்லை. கெட்ட சுழி என்று இரண்டு சந்தையில் விலை போகாத பெட்டை ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன். ஒன்பது வருடம் என் பள்ளியில் பிள்ளைகளைச் சுமந்தது.

வாங்குவதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. கிளப்பிலோ வெளியிலோ ஆறு மாதம் லீஸுக்கு ஒரு குதிரையை எடுங்கள். பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு வருகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சாணி அள்ளி, குளம்பைச் சுரண்டி, சேணம் துடைத்துவிட்டுப் பள்ளிக்குப் போவதில் அவளுக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்று அவளுக்கே அப்போது தெரியும்.

தோட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயிற்சி நடக்கும் காலத்தில் குதிரை கிளப்பில் நிற்பதே நல்லது. மணல் தரை அங்கேதான் இருக்கிறது. வெயிலில் இறுகிய தோட்டத்துச் செம்மண்ணில் தாண்ட விட்டால் நான் சொன்ன அந்த முன்னங்கால் என்ன ஆகும் என்று பாருங்கள். லீவுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் தோட்டத்தில் விடுங்கள், குதிரைக்கும் மனசு தெளியும். ஆனால் தீனியில் ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் முளைக்கும் கொழுக்கட்டைப் புல்லும், மாட்டுக்காகப் போடும் நேப்பியர் புல்லும் மாட்டுக்கு நல்லவை. அவற்றில் இருக்கும் ஆக்ஸலேட்டை மாட்டின் வயிற்றுக் கிருமிகள் உடைத்துவிடும். குதிரை வயிற்றில் அது நடக்காது. புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குதிரைக்குக் கிடைக்காமல் பிடித்துவைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அதையே தின்றால் குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும், முகம் வீங்கும், கால் நொண்டும். அதோடு தவிடும் தாராளமாகப் போட்டால் கேடு சீக்கிரம் வரும். நீங்களே பயிரிடுவதானால் குதிரைமசால் போடுங்கள், பெயரிலேயே இருக்கிறது. அதில் சுண்ணாம்பு நிறைய, ஆனால் அதுவே முழுத் தீனியாகிவிடக் கூடாது. 450 கிலோக் குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏழிலிருந்து ஒன்பது கிலோ காய்ந்த புல் முக்கியம். கொள்ளு வேகவைத்து ஓரிரு கைப்பிடி போதும். குதிரைக்குக் கொள்ளு என்று கேட்டுக் கேட்டு நம் ஆட்கள் வாளி வாளியாக வைத்துவிடுகிறார்கள்.

தனியாக ஒரு குதிரையை மட்டும் தோட்டத்தில் கட்டாதீர்கள். கூட்டமாக வாழும் பிராணி, ஒற்றையாக நின்றால் வேலியோரம் நடந்து நடந்தே தேய்ந்துபோகும். ஒரு வெள்ளாடு துணை இருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தியூரில் பார்த்த அந்த மார்வாரி இன்னும் உங்கள் மனதை விட்டுப் போகவில்லை என்றால், அடுத்த ஆடியில் அதே ஜாதியில் காயடித்த ஒன்றை உங்களுக்காக வாங்கித் தோட்டத்தில் விடுங்கள். வாய்க்கால் வரப்போரம் காலையில் ரேவால் நடையில் போய்விட்டு வரலாம். உங்களுக்கும் ஒரு ஹெல்மெட் சேர்த்து வாங்கிவிடுங்கள்.